மொட்டையன் போன இடம்

ஜனவரி 11

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் இருக்கிறபடி இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும் எப்படி இருக்கிறீர்கள்? குளிர் வந்தால் உனக்கு அந்த இடது தோள் பிடித்துக்கொள்ளுமே, இந்த வருஷம் பரவாயில்லையா? எனக்கு இடுப்பு முன்னைவிட மோசம். படி ஏறினால் துருப்பிடித்த கீல் மாதிரி சத்தம் வருகிறதாம். மாமா சொல்லித்தான் தெரியும், என் காதில் எங்கே விழுகிறது. முப்பது வருஷம் சோப்பு ஆலையில் கட்டிக்கு முத்திரை குத்தும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதற்குக் கிடைத்த பரிசு இந்தக் காது. போன மாதம் நீ போனில் பேசியது தகர டப்பாவில் கல்லை உருட்டியது போலத்தான் கேட்டது. இனிமேல் கடிதமே எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாமா மூக்குக் கண்ணாடி மாற்றப் போனார், நானும் கூடப் போனேன். கடைக்கு எதிர் மைதானத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்திக் காட்சி வைத்திருந்தார்கள். ஓரத்தில் கயிறு கட்டி ஒரு வண்டி. லைட் இல்லை, ஹாரன் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. முன் மட்கார்டு சக்கரத்தைத் தொடாமல் ஒரு முழம் மேலே நிற்கிறது. டயரில் கட்டை கட்டையாகப் பல். நான் பந்தயம் ஓட்டிய நம் மொட்டையனேதான் என்று நினைத்தேன். டேங்க் மட்டும் சிவப்பு. நம்முடையது மஞ்சள்.

நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு மாமா என் காதருகே வந்து கத்தினார். "வீட்டுக்குப் போலாமா, இல்ல இதையும் கூட்டிட்டுத்தான் வருவியா?"

நாற்பது வருஷமாக நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. நீயும் எடுத்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. அப்பாவின் தகரப் பெட்டி உன்னிடம்தானே இருக்கிறது? அதில் மொட்டையனின் காகிதம் ஏதாவது இருக்கிறதா பார். இன்ஜின் நம்பர் கிடைத்தால்கூடப் போதும்.

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. சோம்பல்படாதே.

உன் அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். தோள் வழக்கம்போல மழைக்கும் குளிருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுகிறது. பட்டறையில் வேலை இருக்கிறது. ஊரில் உள்ள பம்பு மோட்டார் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஒரே மாதத்தில் கெட்டுப்போகின்றன. அதனால்தான் பதில் தாமதம்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். கரையான் எனக்கு முன்னாலேயே படித்து முடித்துவிட்டது. மொட்டையனைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஆனால் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். அந்தக் காலத்தில் பந்தய மைதானத்தில் மைக் பிடித்தவர் உன்னைக் கடைசிவரை பையன் என்றே நினைத்துக் கத்தியது ஞாபகம் இருக்கிறதா? "நாப்பத்தொண்ணாம் நம்பர் தம்பி வர்றாரு, வழி விடுங்க." பந்தயம் முடிந்து நீ ஹெல்மெட்டைக் கழற்றினாய், பின்னல் முதுகில் விழுந்தது. அந்த மனுஷன் மைக்கை அணைக்க மறந்து "அய்யய்யோ" என்றது மைதானம் முழுக்கக் கேட்டது. அப்பா சேற்றில் உட்கார்ந்து சிரித்தார்.

போனது போனதுதான் அக்கா. வண்டியைத் தேடுகிற நேரத்தில் இடுப்பைக் கவனி. டாக்டர் ஆபரேஷனுக்கு எந்த மாதம் சொல்லியிருக்கிறார்? மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இங்கே எல்லாரும் நலம். உன் தோள் பாடு இப்படியே இருந்தால் எப்படி, நல்ல டாக்டராகப் பார். எனக்கு ஆபரேஷன் ஜூன் முதல் வாரம்.

அந்த மைக்காரரை நான் சுத்தமாக மறந்துவிட்டேன். நீ எழுதியதும் அப்பா சேற்றில் உட்கார்ந்தது கண்ணில் வந்தது. அவரை அப்படிச் சிரிக்கிறவராக நினைத்து எத்தனை வருஷம் ஆகிறது.

அந்த வண்டியை நானும் அவரும் எப்படிச் செய்தோம் என்று உனக்கு முழுசாகத் தெரியாது. பந்தயக் குழு ஒன்று இன்ஜின் வெடித்ததும் தூக்கிப் போட்டுவிட்டுப் போன வண்டி. அப்பா தள்ளிக்கொண்டு வந்து கொட்டகையில் சாய்த்தார். பதினாலு மாதம். அப்போது வேலை பார்த்த அச்சகத்திலிருந்து நான் வந்ததும் நேரே கொட்டகைக்குப் போய்விடுவேன். பிஸ்டனுக்குள் செருகும் பின்னை அவரே லேத்தில் கடைந்தார். மூன்று தடவை கடைந்து மூன்றையும் தூர எறிந்தார். நாலாவதை என் உள்ளங்கையில் வைத்து, "இப்ப பாரு, நழுவணும், ஆனா ஆடக்கூடாது" என்றார். சீட்டுக்கு அடியில் சட்டத்தில் உளியால் மூன்று புள்ளி வைத்தார். அவர் செய்த எல்லாவற்றிலும் அதுதான் அவர் கையெழுத்து.

அப்படிப்பட்டவர்தான் அந்த வியாழக்கிழமை அதை யாருக்கோ கொடுத்துவிட்டார். நான் வேலை முடிந்து வந்தேன். கொட்டகையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. "வித்துட்டேன்" என்றார். "யாருக்கு?" என்றேன். "வந்தவனுக்கு" என்றார். "கல்யாணம் பேசுற நேரத்துல இதெல்லாம் எதுக்கு" என்றார். ஞாயிற்றுக்கிழமை பந்தயம். பெரிய பந்தயக் குழு ஒன்றின் மேலாளர், தடிக் கண்ணாடிக்காரர், என்னைத் தங்கள் குழுவில் சேர்க்கலாமா என்று பார்ப்பதற்கென்றே வருவதாக இருந்தார். வந்திருப்பார். நாற்பத்தொன்றாம் நம்பரைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் மாடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீ வீட்டில்தான் இருந்தாய். மதில் மேலிருந்து விழுந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய். வண்டியை எடுத்துப்போக வந்தவனைப் பார்த்திருப்பாய். எப்படி இருந்தான்? எந்தப் பக்கத்து ஆள்? நன்றாக யோசித்து எழுது. உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு.

உன் அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உங்கள் நலனைப் பற்றி மாமா போனில் சொன்னார். இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. கடிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். வேலைதான்.

நீ கேட்டதை யோசித்துப் பார்த்தேன். எனக்கு அப்போது பதினைந்து வயது, வலியில் பாதி மயக்கம். ஒரு ஆள் வேனில் வந்த மாதிரி ஞாபகம். சுருட்டை முடி. துறைமுகத்துப் பக்கம் என்று அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது என்று நினைக்கிறேன். வேறு ஒன்றும் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவரும் இருக்கிறாரோ என்னவோ. இதோடு விட்டுவிடு அக்கா.

ஜூன் முதல் வாரம் நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறோம்.

தம்பி

ஏப்ரல் 13

என் அன்புத் தம்பிக்கு,

நன்றாக இரு. உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். சுருட்டை முடி, வேன், துறைமுகம். இத்தனை வருஷம் உன்னிடம் கேட்காமல் இருந்த முட்டாள் நான்.

பழைய பந்தய வண்டி சேர்க்கிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். மகள் போன் நம்பர் தேடி அவர்களோடு பேசினாள். துறைமுகத்து ஊரில் ஒருவர் கொட்டகையில் மஞ்சள் டேங்க் வண்டி ஒன்று இருக்கிறதாம், நம் காலத்து மாடல்தானாம். அவள் எழுதிக் கொடுத்த முகவரியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறேன். மாமா, "எங்க கல்யாணப் பத்திரிகையைக்கூட இவ இப்படி வெச்சுக்கல" என்கிறார்.

கிழவிக்கு எதற்கு இந்த ஆசை என்று நீ நினைக்கலாம். ஏறி ஓட்டவா போகிறேன். உனக்கு மட்டும் சொல்கிறேன். பத்தொன்பது வருஷம் அப்பாவோடு நான் பேசவில்லை. அவர் கண்ணை மூடும்வரை பேசவில்லை. கோபம் வடிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனால் மன்னிக்க மட்டும் வரவில்லை. அவர் அதை நல்ல கையில் கொடுத்திருந்தால், அவன் அதை ஓட்டியிருந்தால், துடைத்து வைத்திருந்தால், அந்த மூன்று புள்ளியை நான் ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் மனசு இறங்கிவிடும் போலிருக்கிறது. அப்பாவை மன்னித்துவிட்டுச் சாக வேண்டும் தம்பி. அதற்குத்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

மே 2

அக்காவுக்கு,

நலம். நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம். நான் சொன்னது சரியான ஞாபகமா என்று எனக்கே நிச்சயமில்லை. வேறு ஊராகக்கூட இருக்கலாம். முதலில் ஆபரேஷன் முடியட்டும், பிறகு பேசிக்கொள்வோம்.

தம்பி

ஜூன் 10

அன்புத் தம்பிக்கு,

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். என்னை ஆஸ்பத்திரியில் தேடி வந்துவிடுவாயோ என்று பயந்து, போகும்போதே மகளிடம் சொல்லி உனக்குத் தகவல் கொடுக்கச் சொன்னேன். ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிட்டேன். வெட்டித் தைத்துவிட்டால் மூன்று மாதம் நகரக் கூடாதாம். அதற்குள் வண்டி கைமாறிவிட்டால்?

துறைமுகத்து ஊருக்கு பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். மாமா வழி முழுக்க என் இடுப்புக்குத் தலையணையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வந்தார். கொட்டகைக்காரர் நல்ல மனுஷர், நாற்பது வயதுதான் இருக்கும். துணியை இழுத்தார். மஞ்சள் டேங்க், உயர்ந்த மட்கார்டு, மேலே வளைந்து போகும் சைலன்சர். நான் கீழே உட்கார்ந்து சீட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவினேன். வழவழவென்று இருந்தது. மறுபக்கமும் தடவினேன். புள்ளி இல்லை.

அவர் கேட்டார். "அம்மா, ஏறி உக்காந்து பாக்குறீங்களா?"

எனக்குக் கால் தூக்க வரவில்லை. அவர் ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். அவரே கிக்கரை உதைத்தார். மூன்றாவது உதையில் பிடித்தது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை தம்பி. கைப்பிடியில் அதிர்வு வந்தது, வாசம் வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. மாமா காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்துத்தான் வண்டி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன்.

திரும்பும்போது இடுப்பில் ஏதோ பிசகிவிட்டது. ஐந்து நாளாகக் கழிப்பறைக்குக்கூட மாமா தாங்கித்தான் போகிறேன். அது போகட்டும். கொட்டகைக்காரர் இன்னொரு தகவல் சொன்னார். துறைமுகத்துக்கு வடக்கே சுருட்டை முடிக்காரர் ஒருவர் அந்தக் காலத்தில் வேன் வைத்துக்கொண்டு பழைய வண்டி வாங்கி விற்றாராம். அவர் போய்விட்டார், மகன் இருக்கிறார். நீ சொன்ன ஆள்தான். இந்த மாதக் கடைசியில் போகிறோம். இந்தத் தடவை வெறுங்கையோடு வர மாட்டேன்.

தோள் எப்படி இருக்கிறது?

உன் அக்கா

ஜூன் 17

அக்காவுக்கு,

நீ போக வேண்டாம். அங்கே யாரும் இல்லை. சுருட்டை முடிக்காரர் என்று ஒருவர் நம் வீட்டுக்கு வரவே இல்லை. நான் சொன்னது பொய். உலகத்தில் சுருட்டை முடியும் வேனும் வைத்திருந்த ஒருவர் உண்மையிலேயே இருந்தார் என்பது என் கெட்ட நேரம்.

மொட்டையனை அப்பா விற்கவில்லை.

அந்த வியாழக்கிழமை மத்தியானம் நீ அச்சகத்தில், அப்பா லேத் பட்டறையில். நான் கொட்டகைக்குப் போனேன். நீ என்னை அதைத் தொட விட்டதே இல்லை. "உன் கால் எட்டட்டும்டா" என்பாய். அன்றைக்கு எட்டியது. தள்ளிக்கொண்டே கல்குவாரி வரைக்கும் போய் அங்கே கிளப்பினேன். நீ தாண்டிப் பழகும் மண் திட்டை நானும் தாண்டினேன். வண்டி தாண்டிவிட்டது, நன்றாகவே தாண்டியது. இறங்கியதும் பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன், அது ஆக்சிலேட்டர். குவாரி விளிம்புப் பாறையில் நான் விழுந்தேன், தோள் எலும்பு உடைந்தது அங்கேதான். வண்டி நிற்காமல் போய்த் தண்ணீருக்குள் விழுந்தது. மஞ்சள் டேங்க் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் குமிழிகள்.

அப்பா நாலு மணிக்கு வந்தார். நான் உண்மையைச் சொன்னேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போனார். திரும்பி வந்து கையைக் கழுவினார், வெகுநேரம் கழுவினார். அந்தத் தண்ணீரின் ஆழம் அவருக்குத் தெரியும். என்னை அடிப்பார் என்று நின்றேன். அடித்திருக்கலாம்.

"அவ கேட்டா நான் வித்துட்டேன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத" என்றார். "என்கிட்டன்னா ஒரு மாசம் பேச மாட்டா. உன்கிட்டன்னா ஆயுசுக்கும் பேச மாட்டா. அம்மா இல்லாத வீடு. எனக்கப்புறம் நீங்க ரெண்டு பேருந்தான்டா."

ஒரு மாதம் என்றுதான் அவர் கணக்குப் போட்டார். நீ கல்யாணமாகிப் போனாய். ஒவ்வொரு வருஷமும் நான் கேட்டேன், "இப்ப சொல்லிடட்டுமாப்பா?" என்று. கடைசியாகப் படுக்கையில் கேட்டேன். "வேணாம்டா. இவ்ளோ நாள் கழிச்சுச் சொன்னா அவளுக்கு நான் போனதும் இல்லாம நீயும் போயிடுவ" என்றார். அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

குவாரியை மண் கொட்டி மூடி மேலே கிடங்கு கட்டி இருபது வருஷம் ஆகிறது. நான் அந்தத் தெருவில் போவதில்லை.

ஜனவரியில் நீ எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். இப்போது உன் இடுப்பு பிசகியதைப் படித்த பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. என்ன வேண்டுமானாலும் சொல்லித் திட்டு. எழுது.

தம்பி

ஆகஸ்ட் 5

அக்காவுக்கு,

என் கடிதம் கிடைத்ததா? ஏழு வாரமாகப் பதில் இல்லை. மகளிடம் கேட்டேன், அம்மா படுத்திருக்கிறாள் என்றாள். அங்கே வரட்டுமா என்று கேட்டதற்கு, அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

தம்பி

ஆகஸ்ட் 23

மச்சானுக்கு,

உங்கள் மாமா எழுதுவது. நீங்களும் தங்கச்சியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் கடிதம் எழுதிப் பழகாதவன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் ஜூனில் எழுதியதை அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். படித்ததும் மடித்து, திரும்பப் பிரித்து, திரும்ப மடித்தாள். என்னிடம் காட்டவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "எங்கப்பா நம்ம வீட்டுக்கு வந்தப்ப என்ன சட்ட போட்டிருந்தாரு?" என்று கேட்டாள். எனக்கு ஞாபகமில்லை என்றேன். அதற்குப் பிறகு அதிகம் பேசவில்லை. ஆபரேஷனுக்கு டாக்டர் இரண்டு தேதி கொடுத்தார், இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டாள். இப்போது நடை முற்றிலும் நின்றுவிட்டது. இனி செய்தாலும் பழையபடி வராது என்கிறார் டாக்டர்.

நீங்கள் இப்போது வர வேண்டாம். எப்போது வரலாம் என்று எனக்கும் தெரியவில்லை. அவளாக எழுதுவாள் என்று நினைக்கிறேன்.

மாமா

அக்டோபர் 9

தம்பிக்கு,

பல தடவை எழுத எடுத்து வைத்துவிட்டேன். இன்றைக்கு முடித்துவிடுகிறேன்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி ஒன்பதாவது வருஷம் அப்பா இங்கே வந்தார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவர் குரல் கேட்டது, அப்போது காது நன்றாக இருந்தது. மாமாவிடம் கையைக் காட்டி, நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மாப்பிள்ள" என்றார். இந்தப் பக்கம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பயணம். வாசலில் என் செருப்பு கிடந்தது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரிந்திருக்கும். "நல்லா இருக்காளா?" என்றார். "இருக்கா" என்றார் மாமா. "வந்தா, நான் கேட்டேன்னு மட்டும் சொல்லுங்க." தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருமுனையில் யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் பக்கத்தில் குனிந்து செயினைத் தொட்டுப் பார்த்தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போனார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வெட்கங்கெட்ட மனுஷன், என் வண்டியை விற்றுவிட்டு இன்னும் வண்டி பார்க்கிறான் என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

அந்த வார்த்தை மட்டும் எனக்கு இப்போது நன்றாகக் கேட்கிறது. வேறு எதுவும் கேட்பதில்லை.

நீ சின்னப் பையன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆனால் பதினைந்து வயது உனக்கு ஒரு வருஷம்தானே இருந்தது. அப்பா போனபோது உனக்கு முப்பத்து நாலு. அவரைக் கிடத்தியிருந்தபோது நான் அவர் காலடியில் கல் மாதிரி நின்றதை நீ எதிரே நின்று பார்த்தாய். அப்போது அவர் வேண்டாம் என்று சொல்ல அங்கே இல்லை. அன்றைக்கு நீ சொல்லியிருந்தால் முகத்தையாவது தொட்டிருப்பேன்.

மன்னிக்கத்தான் தேடிப் போனேன். மன்னிப்பதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை. நான் கேட்க வேண்டிய மன்னிப்புதான் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. உன்னை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா நம் இரண்டு பேரையும் சேர்த்து வைக்கத்தான் இதைச் செய்தார் என்று புரிகிறது. புரிவதால் ஒன்றும் ஆகவில்லை.

ஆபரேஷன் இனி இல்லை. கட்டிலை ஜன்னலோரம் போட்டிருக்கிறார்கள். தெருமுனை தெரிகிறது.

நீ எழுது என்று சொல்ல எனக்கு வரவில்லை. எழுதாதே என்றும் வரவில்லை. எழுதினால் உறையிலேயே உன் கையெழுத்து தெரிந்துவிடும். பிரிப்பேனா என்று சொல்ல முடியாது. நீ நேரில் வந்தால், நான் இல்லை என்று மாமாவைச் சொல்லச் சொல்ல மாட்டேன். பேசுவேன் என்று நினைக்காதே. இதற்கு மேல் என்னிடம் இல்லை.

அக்கா